உடையும் அச்சு, நிலைக்கும் உருவம்

நுழையும்முன்

திருவிழா நாளில் தேரிலும் வாகனத்திலும் உலா வரும் செப்புத் திருமேனிகளைக் காணாத தமிழர் அரியர். ஆனால், அத்திருமேனி உருவான பட்டறையைக் கண்டவர் சிலரே. அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் அதனைக் காண்போர்க்கு, அது என்றோ முடிந்துபோன கலையாகத் தோன்றக்கூடும். அக்கலை முடிந்துவிடவில்லை. காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஒரு சிற்றூரில் மெழுகும் மண்ணும் நெருப்பும் இன்றும் ஒன்றுகூடி உருவங்களைப் படைக்கின்றன. அவ்வூர்ப் பட்டறைக்குள் வருவோர்க்குக் கிடைக்கும் காட்சிகளை விளக்குகிறது இப்பாடம்.

ஊரும் பட்டறையும்

தஞ்சாவூர் மாவட்டத்தில் கும்பகோணத்திற்கு அருகில் அமைந்துள்ளது சுவாமிமலை. முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றாகிய இவ்வூர், உலோகத் திருமேனி வார்ப்பவர்களாகிய ஸ்தபதிகளின் ஊராகவும் விளங்குகிறது. தாராசுரத்தில் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில் பணிக்காக வந்த சிற்பியரின் வழித்தோன்றல்களே இங்குக் குடியேறினர் என்பது இவ்வூரில் வழங்கும் மரபுச் செய்தி.

இங்குள்ள பட்டறைகள் பல, வீட்டை ஒட்டியே அமைந்தவை. ஒருபுறம் மெழுகுருவம் செய்வோர் அமர்ந்திருப்பர். மற்றொருபுறம் மண் பூசிய அச்சுகள் நிழலில் காய்ந்துகொண்டிருக்கும். பின்புறத்தில் உலைக்களம் இருக்கும். கோயிலுக்கு வந்தவரும் கல்லூரி மாணவரும் வெளிநாட்டுப் பயணியரும் இப்பட்டறைகளுக்கு வருகின்றனர். ஸ்தபதிகளும் தம் பணியினூடே அவர்களுக்கு ஒவ்வொரு படிநிலையையும் விளக்குகின்றனர்.

ஓலை சொல்லும் அளவு

திருமேனியின் முதல் வேலை அளவில் தொடங்குகிறது. செய்யவேண்டிய உருவத்தின் உயரத்திற்குத் தென்னையோலைக் கீற்று ஒன்றை ஸ்தபதி நறுக்கிக்கொள்வார். அதனைக் குறிப்பிட்ட முறையில் மடித்து, முகம், கழுத்து, மார்பு, இடை, முழங்கால் எனப் பகுதிகளைக் குறிப்பார். முகத்தின் நீளத்தை அடிப்படையாகக் கொண்ட இவ்வளவு முறைக்குத் 'தாலம்' என்று பெயர். முதன்மைத் தெய்வங்களுக்கு உரிய உத்தம தசதாலத்தில் உருவத்தின் உயரம் 124 பகுதிகளாகப் பகுக்கப்படும்.

உருவம் ஒரு சாண் ஆயினும் ஓர் ஆள் உயரமாயினும் பகுதிகளின் விகிதம் மாறுவதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளும், அங்கு வழங்கப்பட்ட செப்புத் திருமேனிகளின் உயரத்தை முழம், விரல் என அளந்தே குறிப்பிடுகின்றன. அழகுக்கு அடிப்படை அளவு என்பதைத் தமிழகச் சிற்ப மரபு தெளிவாக உணர்ந்திருந்தது.

மெழுகில் பிறக்கும் உருவம்

தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சி வடிகட்டிய கலவையே சிற்பியின் கைப்பொருள். தலை, உடல், கை, கால் ஆகியவற்றைத் தனித்தனியே செய்து, காய்ச்சிய இரும்புக் கருவியால் இணைப்பர். நெருப்பின் அருகில் காட்டினால் மெழுகு இளகும். குளிர்ந்த நீரில் இட்டால் இறுகும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சிறு பொழுதில்தான் விரல்கள் வேலை செய்ய வேண்டும்.

அணிகலனின் மணியும் ஆடையின் மடிப்பும் மெழுகிலேயே உருப்பெற்றுவிடும். மெழுகில் நேரும் பிழை உலோகத்திலும் தோன்றும். ஆதலால், இந்நிலையில் ஸ்தபதி பலமுறை உருவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் திருத்துவார். நிறைவில், உலோகக் குழம்பு உட்செல்லவும் காற்று வெளியேறவும் வழியாக அமையும் மெழுகுக் குச்சிகளை உருவத்துடன் பொருத்துவார்.

மண்ணும் நெருப்பும்

மெழுகுருவத்தின்மேல் முதலில் பூசப்படுவது காவிரியின் நுண்ணிய வண்டல் மண். மெழுகில் உள்ள மெல்லிய கோட்டையும் அது பதிவு செய்துகொள்ளும். அப்பூச்சு நிழலில் உலர்ந்த பின், வயல் களிமண்ணும் மணலும் கலந்த பூச்சும், அதன்மேல் பருமணல் கலந்த பூச்சும் இடப்படும். பெரிய அச்சுகளை இரும்புக் கம்பிகளால் இறுகக் கட்டுவர். வெயிலில் விரைந்து உலர்த்தினால் மண் வெடிக்கும். எனவே, இங்குப் பொறுமையும் ஒரு கருவியாகிறது.

உலர்ந்த அச்சை வறட்டி நெருப்பில் சூடேற்றினால் உள்ளிருக்கும் மெழுகு உருகி வழிந்துவிடும். பல நாள் உழைப்பில் உருவான மெழுகுருவம் இல்லாமற்போகிறது. அதன் வடிவம் மட்டும் மண்ணுக்குள் வெற்றிடமாக எஞ்சுகிறது. மெழுகை இழந்து உருவத்தைப் பெறுவதால் இம்முறை 'மெழுகு இழப்பு வார்ப்பு' எனப்படுகிறது.

வெற்றிடத்தை நிரப்ப எவ்வளவு உலோகம் வேண்டும்? விடை, முன்னரே நிறுத்து வைக்கப்பட்ட மெழுகின் எடையில் உள்ளது. மெழுகைவிட உலோகக் கலவை ஏறத்தாழ எட்டு அல்லது ஒன்பது மடங்கு கனமானது, அதற்கேற்பக் கணக்கிடுவர். செம்பே பெரும்பங்கு; அதனுடன் பித்தளையும் ஈயமும் சேரும். சிறிதளவு வெள்ளியும் பொன்னும் சேர்ப்பது மரபு.

செம்பு உருகுவதற்கு 1085 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். உலோகம் குழம்பானதும், மண்ணில் புதைத்து நிறுத்திய சூடான அச்சின் வாயில் அதனை இடையறாது ஊற்றுவர். ஊற்றும்போது பட்டறையில் பேச்சு ஓய்ந்துவிடும். ஒழுக்கு ஒரு நொடி தடைப்பட்டாலும், காற்று உள்ளே சிக்கினாலும், அதுவரை செய்த உழைப்பு அனைத்தும் வீணாகும்.

அச்சு உடைதல்

அச்சு தானே ஆறிய பின், மேல்மண்ணை மெல்லத் தட்டி உடைப்பர். வருகையாளர் பலரும் வியப்பது இந்நிலையில்தான்.

"ஐயா, இவ்வளவு பாடுபட்டுச் செய்த அச்சை உடைக்கிறீர்களே! மற்றொரு சிலைக்குப் பயன்படாதா?" என்று ஒரு மாணவர் வினவுவதுண்டு.

"உடைத்தால்தான் தம்பி, உள்ளே இருப்பவர் வெளியே வருவார். அடுத்த சிலைக்கு மறுபடியும் மெழுகிலிருந்துதான் தொடங்க வேண்டும்" என்பதே ஸ்தபதியின் விடையாக இருக்கும்.

ஓர் அச்சுக்கு ஒரே உருவம். ஆகவே, ஒரே ஸ்தபதி வார்த்த இரு நடராசர் திருமேனிகளும் முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. அச்சிலிருந்து வெளிவரும் உருவம் கரிந்தும் கரடுமுரடாகவும் காணப்படும். அதனை உளியாலும் அரத்தாலும் செதுக்கித் தேய்த்து மெருகேற்றுவர்.

கதவு திறந்திருப்பதன் காரணம்

தொழில் நுட்பத்தை மறைத்து வைப்பதே பாதுகாப்பு என எண்ணுவோர் உண்டு. சுவாமிமலைப் பட்டறைகள் வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றன. கண்டவர் அனைவரும் இக்கலையைக் கவர்ந்து சென்றுவிட இயலாது. மெழுகின் இளக்கத்தை விரல் அறியப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். மாறாக, ஒரே அச்சில் பலவாக வார்த்து மலிவாக விற்கப்படும் உருவங்களுக்கும் கையால் உருவாகும் திருமேனிக்கும் உள்ள வேறுபாட்டை, அச்சு உடைவதைக் கண்டவரே உணர்வர். அவ்வாறு உணர்ந்தவர் விலையை மட்டும் பார்ப்பதில்லை.

எனினும், காண்போர் பெருகினால் மட்டும் கலை வாழ்ந்துவிடாது, கற்போரும் வேண்டும். வார்ப்புக்குரிய உழைப்பும் வெப்பமும் கடுமையானவை. தேர்ச்சி பெறும் காலம் நீண்டது. குடும்பத்தில் ஒரு தலைமுறை வேறு பணியை நாடினால், கைவழி வந்த அறிவு அத்துடன் அறுபடும். ஏட்டில் எழுதியவற்றை மீண்டும் படித்துக்கொள்ளலாம். விரலில் வாழும் அறிவை அவ்வாறு மீட்க இயலாது. இன்று பிறப்பால் ஸ்தபதி அல்லாதவர்க்கும் வாயில் திறந்துள்ளது. 1957ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் தொடங்கப்பெற்ற அரசு நிறுவனம், கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்து, மேல்நிலைக் கல்வி முடித்தோர்க்குப் பட்டப்படிப்பாகவே இக்கலைகளைக் கற்பிக்கிறது.

பட்டறையைக் கண்டு திரும்பும் மாணவர், அடுத்த திருவிழாவில் உலா வரும் திருமேனியை முன்போல் காண்பதில்லை. அதன் ஒளியில் உருகிய மெழுகையும், உடைந்த மண்ணையும், வெப்பத்தின்முன் நின்ற மனிதரையும் சேர்த்தே காண்கிறார். கலையைக் காக்கும் முயற்சி அந்தப் பார்வையில் தொடங்குகிறது.

தெரிந்து தெளிவோம்

• மொகஞ்சதாரோவில் கிடைத்த வெண்கல நடனமங்கை உருவம் மெழுகு இழப்பு முறையில் வார்க்கப்பட்டதாகும். அதன் உயரம் ஏறத்தாழ 10.5 செ.மீ.

• சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதை, புகார் நகரில் வாழ்ந்த தொழில் வல்லுநருள் வெண்கலத்திலும் செம்பிலும் பொருள் செய்வோரைக் குறிப்பிடுகிறது.

• 2023ஆம் ஆண்டு ஜி20 மாநாட்டையொட்டிப் புதுதில்லி பாரத மண்டபத்தின்முன் நிறுவப்பட்ட 27 அடி உயர நடராசர் திருவுருவம், சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு இழப்பு முறையில் வார்த்ததாகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் உள்ள குயவர், தச்சர், நெசவாளர், சிற்பி ஆகியோருள் ஒருவரது பணியிடத்திற்குச் சென்று, அவர்தம் தொழிற்சொற்களைத் தொகுத்து வகுப்பறையில் படித்துக்காட்டுக.

2. 'கைவழி அறிவு அழிந்தால் மீட்க இயலுமா?' என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.