பொருளறிந்து வரைவோம் சுவஸ்திகம்

ஜினாலயத்தில் அருகன் திருமுன் பெரியோர் அரிசியால் சுவஸ்திகம் இடுவதைச் சிறுவர்கள் கண்டிருப்பர். சித்திரம் பழகத் தொடங்குவோர்க்கு அதுவே ஏற்ற முதற்பாடமாகும்.

முதலில், வரிசைக்கு மூன்றாக ஒன்பது புள்ளிகளைச் சம இடைவெளியில் இடுக. நடுப்புள்ளியின் வழியே மேலிருந்து கீழாக ஒரு கோடும், இடமிருந்து வலமாக ஒரு கோடும் வரைக.

அடுத்து, மேல்முனையிலிருந்து வலப்புறமாகவும், வலமுனையிலிருந்து கீழாகவும், கீழ்முனையிலிருந்து இடப்புறமாகவும், இடமுனையிலிருந்து மேலாகவும் மூலைப்புள்ளி வரை கோடு இழுக்க. இந்நான்கு கைகளும் தேவகதி, மனிதகதி, விலங்குகதி, நரககதி என்னும் நாற்கதிகளைக் குறிக்கும். திசை மாறாமல் கவனிக்க.

மூன்றாவதாக, சற்று இடம்விட்டு மேலே மூன்று புள்ளிகளை ஒரே வரிசையில் இடுக. அவை நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகள்.

இறுதியாக, அவற்றின் மேல் ஒரு பிறையும், அதனுள் ஒரு புள்ளியும் இடுக. பிறை சித்தர்கள் உறையும் சித்தசிலை. புள்ளி வினை நீங்கிய உயிர். பிறை கிண்ணம்போல் மேல்நோக்கி இருத்தல் வேண்டும். கவிழ்த்து வரைதல் பிழை.

பகவான் மகாவீரரின் 2500ஆம் நிர்வாண ஆண்டையொட்டி அனைத்துப் பிரிவினரும் ஏற்றுக்கொண்ட சமணச் சின்னத்திலும் இவை இடம்பெற்றுள்ளன.

கீழிருந்து மேலாக வரையும் இம்முறையே உயிர் செல்ல வேண்டிய வழியுமாகும். நாற்கதியில் உழலும் உயிர் மும்மணிகளைப் பற்றியே வீடு பெறும். இடையிலுள்ள படியை விடுத்து மேலே செல்ல இயலாது.

ஆகவே பெற்றோர், பிள்ளைகள் வரையும்போது ஒவ்வொரு கோட்டின் பொருளையும் கேட்டுச் சொல்ல வைப்பாராக. பொருளறியாது இட்டால் அது வெறும் கோலம். அறிந்து இட்டால் அதுவே வழிபாடு.