வலியும் நடையும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டி சந்தைக்குப் போய்விட்டு வீடு திரும்பினார். செருப்பைக் கழற்றிய பிறகே உள்ளே ஒரு கருங்கல் சில்லு கிடந்தது தெரிந்தது. காலையிலிருந்து அதன்மேல்தான் நடந்திருக்கிறார். பாதத்தில் இரத்தம், முகத்திலோ வேதனையின் சாயலே இல்லை. பாட்டிக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று. ஒரு விரலும் போயிற்று. "வலிக்கவே இல்லையேடி! வலித்திருந்தால் அப்போதே உதறியிருப்பேனே" என்று பாட்டி சொன்னாராம். இதைத் தோழி வகுப்பில் சொன்ன அன்றே எங்கள் அறிவியல் மன்றத்தின் இவ்வாண்டு ஆய்வு தொடங்கிவிட்டது.

பாதம் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பதை முதலில் அறிய விரும்பினோம். சலவை நீலத்தைக் கரைத்துப் பாதத்தில் பூசி, வரைபடத்தாளில் ஊன்றி நின்று, நீலம் பட்ட கட்டங்களை எண்ணினோம். (தரையெல்லாம் நீலமாகித் துடைக்க நேர்ந்தது வேறு கதை.) எங்களில் ஒருத்தியின் எடை 45 கிலோ. அவள் இரு பாதங்களின் சுவடும் ஏறக்குறைய 180 சதுர சென்டிமீட்டர். ஆகவே ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ. அவளே ஒற்றைக் காலில், குதிகாலையும் தூக்கி நின்றபோது சுவடு 30 சதுர சென்டிமீட்டராகச் சுருங்கியது. பாரம் ஒன்றரை கிலோ ஆயிற்று, ஆறு மடங்கு! நடக்கையில் ஒவ்வோர் அடியிலும் உடலை முன்னே உந்தும்போது நிகழ்வது இதுவே.

ஆயினும் ஒன்றரை கிலோ அழுத்தம் தோலைக் கிழித்துவிடாது. பின் கல்லோ முள்ளோ குத்தாமலே, வெறும் நடையாலேயே சிலருக்குப் பாதம் புண்ணாவது எப்படி?

இக்கேள்விக்கு விடை தேடியவர் டாக்டர் பால் பிராண்ட். மிஷனரி பெற்றோருக்கு 1914-இல் நமது கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் சதையை அழுகச் செய்து விரல்களைத் தின்றுவிடுகிறது என்று மருத்துவர்கள்கூட எண்ணிய காலம் அது. ஒருநாள் துருப்பிடித்த பூட்டொன்றை அவரால் திறக்க முடியவில்லை. அருகிலிருந்த தொழுநோயாளிச் சிறுவன் சாவியை வாங்கி எளிதாகத் திருகித் திறந்தான். அவன் விரலில் இரத்தம், எலும்புவரை வெட்டுப்பட்டிருந்தது. சிறுவனுக்கு அது தெரியவே இல்லை. அந்நோய்க் கிருமி உடலில் குளிர்ச்சியான இடங்களை நாடுவது. முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால் போன்று தோலை ஒட்டி நரம்பு ஓடும் இடங்களில் நரம்பைக் கெடுக்கிறது. உணர்ச்சி போனபின் விரல்களை அழிப்பது நோயன்று. சூடும் காயமும் தேய்வுமே.

1966-இல் அவர் அமெரிக்காவில் கார்வில் என்னுமிடத்துத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே அழுத்தம் மிகுந்த இடத்தில் நுண்குமிழ்கள் உடைந்து சாயம் பரவும் காலுறைகளை நோயாளிகளுக்கு அணிவித்து நடக்கச் செய்தார். எலிகளின் உள்ளங்காலை ஒரு கருவி ஒரே இடத்தில், நடையின் அளவுக்கே மிதமாக, நாள்தோறும் பல்லாயிரம் முறை அழுத்தியது. முதல் நாளில் சற்றே சிவந்தது. மறுநாள் அதே இடத்தில் அதே அழுத்தம். சில நாட்களில் வீங்கிப் புண்ணாகிவிட்டது. இடையிடையே ஓய்வு கொடுத்தபோதோ புண்ணாகாமல் தோல் தடித்தது. பலமான அடி வேண்டியதில்லை. மெல்லிய அடியே ஓயாமல் விழுந்தால் போதும்.

அப்படியானால் நமக்கு ஏன் புண்ணாவதில்லை? நெடுந்தூரம் நடந்தவர், தாம் அறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறார். பாரத்தைச் சற்று வெளிப்பக்கமாக, சற்றுக் குதிகாலுக்காகச் சாய்க்கிறார். உணர்விழந்தவரோ முதல் அடியைப் போலவே கடைசி அடியையும் வைக்கிறார்.

இதை நாங்களே சோதித்தோம். உடற்பயிற்சிக்கு அணியும் கான்வாஸ் காலணிக்குள் ஒரு புளியங்கொட்டையை இட்டு, ஈரமணலில் நடந்தோம். "நொண்டக் கூடாது" என்று உறுதி எடுத்துக்கொண்டே நடந்தோம்! ஆயினும் பத்தாவது அடிக்குள் அந்தக் காலின் சுவடு வெளிப்புறம் சாய்ந்துவிட்டது. அடியும் ஐந்து விரல் அகலம் குறுகிற்று. எங்களில் ஒருத்தியாலும் நேராக நடக்க முடியவில்லை. நொண்டுவதை நாங்கள் குறையென்றே எண்ணியிருந்தோம். அது உடல் செய்துகொள்ளும் பாதுகாப்பு என்பது அன்றுதான் புரிந்தது.

கைகளைப் பற்றியும் ஒரு சொல். நரம்பு கெட்டு விரல்கள் மடங்கிப்போனவருக்கும் முன்கையின் தசைகள் பல வலிமையோடு இருக்கும். அவற்றுள் ஒன்றின் தசைநாணை இடம் மாற்றித் தைத்து விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை வேலூரில் 1948 முதல் பிராண்ட் செய்யத் தொடங்கினார். அவரிடம் பயின்றவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை நடத்தினார். 1972-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவரைப் பற்றி அடுத்த மலரில் தனியே எழுத எண்ணியுள்ளோம்.

தொழுநோய் இன்று கூட்டு மருந்தினால் குணமாகிறது. ஆனால் கெட்டுப்போன நரம்பின் உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை. சர்க்கரை நோயிலும் இதே கதைதான். அன்று தொழுநோயாளிகளுக்காக வேலூரில் செய்யப்பட்ட மென்ரப்பர் காலணி, அதாவது எம்.சி.ஆர். செருப்பு, இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் பயன்படுகிறது. மெத்தென்ற உட்பகுதி பாதத்தோடு குழைந்து பரப்பைக் கூட்டுகிறது. பரப்புக் கூடினால் அழுத்தம் குறையும். எங்கள் வரைபடத்தாள் கணக்கேதான்!

தோழியின் பாட்டி இப்போது அந்தச் செருப்புத்தான் அணிகிறார். அணியுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. மாலையில் பேத்தி புறங்கையை அவர் பாதங்களில் வைத்துச் சூடு பார்க்கிறாள். ஒரே இடம் மட்டும் சுட்டால் உள்ளே அழற்சி என்று பொருள். சென்ற மாதம் ஒருநாள் இடது பெருவிரலின் அடியில் ஒரு ரூபாய் அளவு இடம் சுட்டதாம். மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னபடி பாட்டியை நடக்கவிடாமல் உட்கார வைத்தாள். பாட்டி முணுமுணுத்துக்கொண்டே இருந்தாராம். நான்காம் நாள் சூடு தணிந்தது, புண் வரவில்லை.