காரமும் காவலும்

உணவின் சுவை ஆறு என வகுத்தனர் நம் முன்னோர். கைப்பு, இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, துவர்ப்பு, கார்ப்பு என்பன அவை. இவற்றுள் கார்ப்பினைப் பண்டைத் தமிழர்க்கு அளித்தவை மிளகு, இஞ்சி, திப்பிலி முதலியன. இன்று நம் அடுக்களையில் தலைமை பெற்று விளங்கும் மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் செடியாகும். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வாயிலாக அது நம் நாட்டை அடைந்தது. மிளகினைப் போல் உறைக்கும் காய் ஆதலின், 'மிளகாய்' என்றே நம்மவர் அதனை வழங்கலாயினர்.

மிளகாயைக் கடித்தவன், "வாய் எரிகிறது" என்கிறான். அதனை அரிந்த கையால் கண்ணைத் தொட்டால் கண்ணும் எரிகிறது. இனிப்பையும் புளிப்பையும் நாவே சுவைத்தறியும். கண்ணும் தோலும் அறியமாட்டா. அவ்வாறிருக்கக் காரத்தை மட்டும் அவை உணர்வது எங்ஙனம்? நெருப்பே இல்லாத இடத்தில் எரிச்சல் தோன்றுவது ஏன்? எளியனவாகத் தோன்றும் இவ்வினாக்களுக்கு விடை காண அறிஞர்கள் நெடுங்காலம் உழைக்க வேண்டியதாயிற்று.

காரத்திற்குக் காரணமான பொருளை 1816 ஆம் ஆண்டில் புகோல்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் மிளகாயினின்றும் பிரித்தெடுத்தார். எனினும் அது தூயதாக இல்லை. 1876 இல் திரெஷ் என்னும் ஆங்கிலேயர் அதனைப் பெரிதும் தூயதாகப் பிரித்து, 'காப்சைசின்' எனப் பெயரிட்டார். அதன் அமைப்பை நெல்சன் என்பவர் 1919 இல் வெளியிட்டார். இப்பொருள் நிறமும் மணமும் அற்றது. மிளகாயின் விதையிலேயே காரம் உண்டாகிறது என்று பலர் எண்ணுவர், அது பிழை. விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்ணிறப் பகுதியே காரத்தின் பிறப்பிடம். காப்சைசின் நீரில் எளிதிற் கரையாது, கொழுப்பிற் கரையும். ஆகவேதான் நீர் பருகியும் தணியாத எரிச்சல், பாலோ தயிரோ உட்கொண்டால் தணிகிறது.

பொருள் இன்னதெனத் தெரிந்தது. அஃது உடலில் என்ன செய்கிறது என்பது மட்டும் விளங்காமலே இருந்தது. 1997 ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் டேவிட் ஜூலியஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் இம்மறைவை வெளிப்படுத்தினர். காரத்தை உணரும் நரம்பணுக்களின் மரபுக்கூறுகளைச் சிறு சிறு தொகுதிகளாகப் பிரித்து, காரத்தை உணராத வேறு அணுக்களில் அவர்கள் புகுத்தினர். எத்தொகுதியைப் பெற்ற அணு காப்சைசின் பட்டவுடன் கிளர்ச்சியுற்றதோ, அத்தொகுதியினின்று உரிய மரபணு ஒன்றைத் தேடிக் கண்டனர்.

அம்மரபணு உண்டாக்கும் புரதம், நரம்பின் நுனியில் ஒரு வாயிற்கதவு போல் அமைந்துள்ளது. வெப்பம் ஏறத்தாழ 43 பாகை செல்சியசைக் கடந்தால் அக்கதவு திறக்கும். "சுடுகிறது" என்னும் செய்தி மூளைக்குச் செல்லும். காப்சைசினும் அதே கதவைத் திறந்துவிடுகிறது! வாயில் வெப்பம் மிகாதிருந்தும், சுடுகிறது என்றே மூளை கொள்கிறது. உடலைக் குளிர்விக்க வியர்வையும் பெருகுகிறது. ஆதலின், கார்ப்பு என்பது வெப்பத்தையும் வலியையும் சார்ந்த உணர்ச்சி என்பது தெளிவாகும். வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் வகையைக் கண்டறிந்தமைக்காக, ஜூலியசுக்கும் ஆர்டெம் படபூத்தியனுக்கும் 2021 ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

கூண்டுக்கிளி மிளகாயை விரும்பி உண்பதை மாணவர்களாகிய நீங்கள் கண்டிருப்பீர்கள். அதற்கு உறைக்காதா? பறவைகளின் நரம்பிலும் இக்கதவு உண்டு. ஆயினும் அதன் அமைப்புச் சிறிது வேறுபட்டிருத்தலால் காப்சைசின் அதனைத் திறப்பதில்லை. காட்டு மிளகாயைத் தின்னும் எலி முதலியன விதைகளை மென்று அழித்துவிடும். சிறு பறவைகள் பல விதையை முழுதாக விழுங்கித் தொலைவிற் கொண்டுபோய் எச்சத்தோடு இடும். அழிப்பாரை விலக்கவும், பரப்புவாரை விலக்காதிருக்கவும் இக்காரம் செடிக்கு உதவுகின்றது.

எரிக்கும் இப்பொருளே வலியைத் தணிக்கவும் வல்லது. காப்சைசின் மிகுதியாகவோ பன்முறையோ படும்பொழுது நரம்பு நுனி உணர்ச்சி மழுங்குகிறது. அக்கி நோய் நீங்கிய பின்னும் சிலரை நரம்புவலி பல திங்கள் வாட்டும். அவர்க்கென நூற்றுக்கு 8 பங்கு காப்சைசின் கொண்ட மருந்துப் பட்டை ஒன்றை அமெரிக்க அரசு 2009 இல் ஏற்றது. மருத்துவர் மேற்பார்வையிலேயே அதனை இடுவர்.

அங்ஙனமாயின் அக்கதவை அடைத்தே விட்டால் வலியை அறவே ஒழிக்கலாமே என ஆய்வாளர் கருதினர். அதற்கென மருந்துகளும் செய்து, மக்களிடம் சோதித்தனர். அவற்றுட் சிலவற்றை உட்கொண்டவர்க்கு உடல் வெப்பம் உயர்ந்தது. சிலர்க்குச் சுடுபொருளின் கொடுமையை உரியவாறு உணரும் ஆற்றலும் குன்றியது. சூடு தெரியாத கை, கொதிநீரினின்று விலகுவது எவ்வாறு? வலியும் நம் உடலுக்கு ஒரு காவலன் என்பதை ஆய்வாளர் கண்கூடாகக் கண்டனர். காவலன் வீண்கூச்சல் இட்டால் அவனை அமைதிப்படுத்தலாம், அறவே துரத்திவிடலாகாது. வேண்டா வலியை மட்டும் நீக்கி, வேண்டும் வலியை நிறுத்தும் வழியையே இன்றும் தேடி வருகின்றனர்.

நாள்தோறும் குழம்பில் இடும் ஒரு காய் இத்துணை உண்மைகளைத் தன்னுள் அடக்கியிருந்தது. அடுத்த முறை மிளகாயைக் கடித்து நீர் தேடும்பொழுது, உங்களைக் காக்கும் அக்காவலனையும் சிறிது நினைமின்.