பலித்த வரம்

செவ்வாப்பேட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. உன் கதையை சென்ட்ரலிலிருந்து வரும்போது மின்சார ரயிலில் படித்தேன். வேப்பம்பட்டு தாண்டுவதற்குள் முடித்துவிட்டேன். காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பையனுக்குப் பணப்பை கிடைக்கிறது. பிறகு திருடன் வருகிறான், போலீஸ் வருகிறது. விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால், படிக்கிறவருக்கு அதிர்ஷ்டத்தை நினைத்தே பயம் வரவேண்டும் என்றாயே, அது வரவில்லை. அவனுடைய அதிர்ஷ்டம் முதல் பக்கத்திலேயே தீர்ந்துபோகிறது. மிச்சமெல்லாம் வெளியிலிருந்து வரும் கஷ்டம்.

குந்தியைப் பார். துருவாசர் கொடுத்த மந்திரம் பொய்க்கவில்லை. பலிக்குமா என்று பார்க்கத்தான் அந்தச் சின்னப் பெண் சொன்னாள். சூரியன் வந்து நின்றான். கவச குண்டலத்தோடு பிள்ளை பிறந்தது. கல்யாணமாகாதவள் அதை யாரிடம் காட்டுவாள்? பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டாள். பல வருஷம் கழித்து, வித்தை அரங்கேறும் இடத்தில் அதே கவசத்தைப் பார்த்து மயங்கி விழுகிறாள். பிள்ளை உயிரோடிருக்கிறான் என்பது நல்ல செய்தி. அந்த நல்ல செய்திதான் அவளைச் சாய்த்தது.

அந்தப் பிள்ளை கர்ணனின் கதை இன்னும் கொடுமை. சின்ன வயதில் நம் பக்கத்துக் கூத்துகளில் ‘கர்ண மோட்சம்’ விடிய விடியப் பார்த்திருக்கிறேன். மனைவி பொன்னுருவி அவன் பிறப்பைச் சொல்லிக் குத்தும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். வில்லிபுத்தூரார் பாரதத்தில் அவன் களத்தில் கிடக்கும் இடத்தைப் படி. உடம்பெல்லாம் அம்பு. உயிர் போக மறுக்கிறது. அவன் செய்த தருமம் காத்து நிற்கிறது. தருமம் தலைகாக்கும் என்கிறோமே, அது இங்கே அப்படியே நடக்கிறது. கண்ணன் அந்தணனாக வந்து அந்தப் புண்ணியத்தையே யாசிக்கிறான். தாரை வார்க்கத் தண்ணீர் இல்லை. இரத்தத்தை வார்த்துக் கொடுக்கிறான். 1964-ல் வந்த ‘கர்ணன்’ படத்திலும் இந்த இடத்தில்தான் கொட்டகை அழுதது.

தசரதன் இதற்கு நேர்மாறு. அவன் அம்பால் பிள்ளையை இழந்த பெற்றோர், புத்திர சோகத்தில் சாவாய் என்று சபிக்கிறார்கள். பிள்ளையில்லாத அவனுக்கோ, பிள்ளை பிறக்கும் என்ற சேதி அதில் கேட்கிறது.

இங்கிலாந்துக்காரர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-ல் எழுதிய ‘குரங்கின் பாதம்’ கதையையும் தேடிப் படி. வீட்டுக் கடனை அடைக்க ஒரு கிழவர் அந்த மந்திரப் பாதத்திடம் 200 பவுன் கேட்கிறார். மறுநாள் மகன் வேலை செய்யும் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார். மகன் இயந்திரத்தில் சிக்கி இறந்துவிட்டான். கம்பெனி கொடுக்கும் தொகை 200 பவுன். ஒரு பென்னி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் ஷிஃப்டுக்குப் போன பிள்ளைக்காக வாசலில் காத்திருக்கும் வீடுகளுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்லவே வேண்டாம். கேட்டது கேட்டபடி வந்ததுதான் அதில் நடுக்கம்.

உன் கதைக்கு வருகிறேன். திருடனை எடுத்துவிடு, போலீஸையும் எடுத்துவிடு. பையை யாரும் தேடி வரவேண்டாம். அந்தப் பணத்தில் அக்கா கல்யாணம் நல்லபடி நடக்கட்டும். தொலைத்தவர் யார் என்பது அவனுக்கு மட்டும் தெரியட்டும்: பக்கத்து மெஷினில் நிற்பவர், யாரிடமும் வாய் திறக்காதவர். கல்யாணப் பந்தியில் அவர் இலைக்கு அவன் சாம்பார் ஊற்றும் இடத்திலிருந்து மறுபடி எழுது.

அன்புடன்,
மாமா