சிறிய அமலும் நீடித்த பழக்கமும்

 

நான் ஆலிம் அல்லன். மத்ரஸாவில் சில வருஷம் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும்தான் என் கல்வி. மற்றதெல்லாம் மளிகைக் கடையில் கற்றது. ஆகவே ஹதீதை எடுத்துச் சொல்லும் இடத்தில் பிழை கண்டால் ஹஜ்ரத்மார்கள் பொறுத்துத் திருத்துவார்களாக.

கடையில் 555 புத்தகம் வைத்துக் கடன் எழுதுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கடன் வாங்குவோரில் ஒருவர், "சம்பளம் வந்ததும் ஒரே தடவையில் அடைச்சிடுறேன், பாய்" என்பார். இன்னொருவர் ஒன்றும் சொல்லமாட்டார். சனிக்கிழமைதோறும் வந்து ஐந்து வெள்ளியை வைத்துவிட்டுப் போவார். என் புத்தகத்தில் கணக்குத் தீர்ந்து கோடு போட்ட பக்கங்களில் பெரும்பாலானவை ஐந்து வெள்ளிக்காரர்களுடையவை. முதலாமவரைப் பொய்யர் என்று சொல்லமாட்டேன். மனதாரத்தான் சொல்கிறார். சம்பளம் வந்த அன்று வேறு செலவும் கூடவே வந்துவிடுகிறது. பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு, கடைப் பக்கமே வராமல் எதிர்ச் சாலையில் நடந்து போகிறார்.

நானும் ஒரு வருஷம் அப்படி எதிர்ச் சாலையில் நடந்தவன்தான்.

2019-ம் வருஷம் ரமலானில் ஒரு நாள்கூடத் தராவீஹ் தவறவில்லை. அந்த உற்சாகத்தில் பெருநாள் இரவே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன். தினம் ஒரு ஜுஸ்உ ஓதுவது, விடியுமுன் எழுந்து தஹஜ்ஜுத் தொழுவது, திங்களும் வியாழனும் நோன்பு வைப்பது, சீனியை அடியோடு விடுவது, தினம் ஒரு மணி நேரம் நடப்பது. தாளைக் கல்லாப்பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டினேன். காலை ஏழு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை கடை திறந்திருக்கும் என்பதை மட்டும் அந்தத் தாளில் எழுதவில்லை.

மூன்று வாரம் நடந்தது. நாலாவது வாரம் தராசுக்கு முன்னால் நின்றபடியே கண் அசந்தது. சில்லறை தப்பிப் போயிற்று. ஒரு நாள் பருப்பு எடை குறைந்ததென்று ஓர் அம்மா திரும்பக் கொண்டு வந்தபோது, கடைப் பையனை அவர் முன்னிலையிலேயே ஏசிவிட்டேன். நிறுத்தது நான்தான் என்று பிறகுதான் நினைவு வந்தது. இரவு சோறு வைத்தபடியே என் மனைவி, "ஓதாத காலத்துல உங்களுக்கு இம்புட்டுக் கோவம் வந்ததில்லையே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த வாரமே எல்லாம் விழுந்தன. அதோடு நின்றிருந்தால், பழைய நிலைக்குத் திரும்பினேன் என்று சமாதானம் கொள்ளலாம். ஆனால் வருஷக்கணக்காக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த சுபுஹு ஜமாஅத்தும் சேர்ந்து போயிற்று. தாங்காத சுமையை ஏற்றிய தோணி, பிறகு ஏற்றிய சரக்கை மட்டும் பார்த்துக் கொட்டுவதில்லை. இமாம் ஹஜ்ரத் எதிரே வரக் கண்டால் நான் சாலையைத் தாண்டினேன்.

இரண்டு மாதத்துக்குப் பின் அவர்களே கடைக்கு வந்தார்கள். சில்லறை கொடுக்கக் கல்லாவைத் திறந்தபோது அந்தத் தாளையும் பார்த்துவிட்டார்கள். சிரிக்கவில்லை. "தம்பி, அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களுடைய சரித்திரத்தை மத்ரஸாவில் ஓதியிருப்பீரே" என்றார்கள். ஓதியிருந்தேன். விளங்காமல் ஓதியிருந்தேன்.

புகாரி ஷரீபில் வரும் அந்தச் சரித்திரம் இது. அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் தம் மகன் அப்துல்லாஹ்வுக்கு நல்ல குலத்துப் பெண்ணை மணமுடித்து வைத்துவிட்டு, மருமகளிடம் கணவனைப் பற்றி விசாரிக்கிறார்கள். அவளோ புகழ்வதுபோலவே குறை சொல்கிறாள்: நல்ல மனிதர்தாம், ஆனால் வந்த நாளிலிருந்து தன் பக்கம் திரும்பவே இல்லை என்று. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டுகிறது. உடம்புக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் விருந்தாளிக்கும் உம்மீது ஹக்கு உண்டென்று அவர்கள் எடுத்துரைத்து, மாதத்தில் மூன்று நோன்பும் மாதத்துக்கு ஒருமுறை குர்ஆனை ஓதி முடிப்பதும் போதும் என்கிறார்கள். வாலிபரோ, தமக்கு அதைவிட அதிகம் முடியும் என்கிறார். கொஞ்சம் கூட்டுகிறார்கள். இன்னும் முடியும் என்கிறார். (கடைக்காரன் கண்ணுக்கு இது தலைகீழ்ப் பேரம். வாங்குகிறவர் விலையை ஏற்றுகிறார், கொடுக்கிறவர் இறக்குகிறார்கள்!) கடைசியில் ஒருநாள் விட்டு ஒருநாள் தாவூது நபி (அலை) அவர்களுடைய நோன்பு, ஏழு நாளைக்கு ஒருமுறை குர்ஆன் என்று பேரம் முடிகிறது.

நான் கவனியாமல் ஓதிய பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. அப்துல்லாஹ் (ரலி) முதுமையடைந்து தளர்கிறார்கள். அன்றைக்கே அந்தச் சலுகையை ஏற்றிருக்கலாமே என்று வருந்துகிறார்கள். ஆனாலும் ஒப்புக்கொண்டதை விடவில்லை. இரவில் சுமை குறையட்டுமென்று, தாம் ஓத வேண்டிய ஏழில் ஒரு பங்கைப் பகலிலேயே குடும்பத்தாரில் ஒருவருக்கு ஓதிக் காட்டிக்கொள்வார்கள். உடம்புக்குத் தெம்பு வேண்டுமென்றால் சில நாள் நோன்பை விட்டுவிடுவார்கள். விட்ட நாட்களை எண்ணி வைத்து, பிறகு அத்தனையையும் நோற்றுவிடுவார்கள். நாயகம் (ஸல்) அவர்களைப் பிரியும்போது எதில் இருந்தார்களோ அதைக் கைவிட அவர்களுக்கு மனமில்லை.

நான் அந்தப் பெரியாரின் பேரத்தைப் பிடித்துக்கொண்டேனே தவிர, அவர்களுடைய கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவில்லை.

இரவுத் தொழுகையை வழக்கமாக்கிப் பிறகு விட்டுவிட்ட ஒருவரைப் போல் ஆகிவிடாதீர் என்றும் அதே அப்துல்லாஹ்வுக்குத்தான் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான அமல், குறைவாயிருந்தாலும் நீடித்துச் செய்யப்படுவதே என்ற கருத்தை ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பள்ளிவாசலில் இரண்டு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டியிருந்ததையும் ஹஜ்ரத் நினைவூட்டினார்கள். ஸைனபு நாயகி (ரலி) தொழுகையில் களைத்தால் பிடித்துக்கொள்வதற்காகக் கட்டிய கயிறு அது. நாயகம் (ஸல்) அவர்கள் அதை அவிழ்க்கச் சொன்னார்கள். தெம்பிருக்கும்வரை தொழட்டும், களைத்தால் உட்காரட்டும் என்பது அவர்கள் சொன்னதன் கருத்து. கயிற்றைப் பிடித்துத் தொங்கும் அளவுக்கு அமல் வேண்டாம் என்று நான் விளங்கிக்கொண்டேன். என் கல்லாப்பெட்டித் தாளும் அப்படியொரு கயிறுதான். அன்றே கிழித்தேன்.

"ரமலானுக்கு முந்தி தினம் எவ்வளவு ஓதினீர்?" என்று ஹஜ்ரத் கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். "அப்படியானால் ஐந்து ஆயத்து. கருத்தோடு. கடையில் மிகவும் நெருக்கடியான நாளிலும் முடிகிற அளவு அதுதான்." எனக்கு வெட்கமாயிருந்தது. ஐந்து ஆயத்தைச் சின்னப் பிள்ளைகள் ஓதுவார்களே! கடைக்காரன் புத்தி, உடனே கணக்குப் போட்டேன். வழக்கில் 6666 ஆயத்து என்போம். நம் கையிலிருக்கும் முஸ்ஹபில் எண்ணினால் 6236. ஐந்தால் வகுத்தால் 1248 நாள், மூன்று வருஷம் ஐந்து மாதம். நாலு வருஷத்துக்குள் குர்ஆன் முழுவதையும் கருத்தோடு ஓதி முடிக்கலாம். நாற்பது வயது வரை நான் ஒருமுறைகூட அப்படி ஓதியதில்லை.

அந்த வருஷம் முஹர்ரம் மாதம் ஆரம்பித்தேன். சுபுஹு தொழுது வந்ததும், தேத்தண்ணீருக்கு முன்னால். வேறு நேரம் வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. ஏற்கெனவே நடக்கிற ஒரு காரியத்தின் வாலில் கட்டினால்தான் நின்றது. இரண்டு மாதம் ஆவதற்குள் பகரா சூராவின் 282-ம் ஆயத்து வந்தது. குர்ஆனிலேயே மிக நீண்ட ஆயத்து, அதுவும் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறிய கடனோ பெரிய கடனோ, எழுதுவதில் சடைவு கொள்ளாதிருக்கும்படி அதில் வருகிறது. அன்று அந்த ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, கடையைத் திறந்ததும் 555 புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். சோம்பலில் எழுதாமல் விட்டவை நினைவுக்கு வந்தன.

காய்ச்சலிலும் பயணத்திலும் நாள் தவறியது உண்டு. தவறியதை எண்ணி வைத்தேன். இரவு ஓத வேண்டியதைத் தூங்கித் தவறவிட்டவர் சுபுஹுக்கும் லுஹருக்கும் இடையில் ஓதிக்கொண்டால், இரவில் ஓதியது போலவே எழுதப்படும் என்று முஸ்லிம் ஷரீபில் வருகிறதே, அது பெரிய ஆறுதல். 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, ஜமாஅத்தும் இல்லாத நாட்களில், என் நாள் நாளாக இருந்தது இந்த ஐந்து ஆயத்தால்தான். 2023 பிப்ரவரியில் ஸூரத்துந் நாஸை அடைந்தேன். மறுநாளே ஃபாத்திஹாவிலிருந்து ஆரம்பித்தேன்.

சீனியையும் இதே வழியில்தான் விட்டேன். தே ஓவில் மூன்று கரண்டி போடுகிறவன், ஒரே நாளில் கொசோங் குடித்தால் நாக்கு கலகம் செய்யும். மாதத்துக்கு அரைக் கரண்டி குறைத்தேன். ஆறு மாதத்தில் நின்றது. நடையோ, கடைக்குச் சற்றுத் தூரத்தில் வண்டியை நிறுத்துவதோடு சரி.

ஐந்தைப் பத்தாக்கினால் என்ன என்று என் மகன் ஒருமுறை கேட்டான். ரமலானில் கூட்டிக்கொள், ஷவ்வாலில் மறுபடி ஐந்துக்கே வந்துவிடு என்றேன். கடைப் பையனிடம் அன்றைய பருப்பு விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவன் மறந்துவிட்டதாகச் சொன்னான், எனக்கு மறக்கவில்லை. தஹஜ்ஜுத் இன்னும் தினம் பிடிபடவில்லை. வெள்ளி இரவில் மட்டும் எழுந்து இரண்டு ரக்அத் தொழுகிறேன். மறுநாள் காலை தராசு முள் தெளிவாகத் தெரிகிறது.