எழுதுகிற பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்



கல்வி உதவித்தொகை, மருத்துவ முகாம் என்று எழுதிவரும் இப்பகுதியில் இம்முறை கதை, கவிதை எழுதுவதைப் பற்றிப் பேசுகிறோம். காரணம் உண்டு. நம் பண்ணைக்காட்டில் எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி, யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பவர்கள் அதிகம். அவர்களில் சிலருக்குச் செல்பேசியில் இப்படி ஒரு செய்தி வருகிறது: "உங்கள் கவிதை தேர்வாகியுள்ளது. தொகுப்பு நூலில் இடம்பெறக் கட்டணம் அனுப்புங்கள். சான்றிதழும் கேடயமும் உண்டு." காப்பிப் பழம் பறித்துச் சேர்த்த காசு அப்படிப் போய்விடுகிறது. புத்தகம் வந்தாலும், அதில் எழுதியவர்களைத் தவிர வேறு யாரும் அதை வாங்குவதில்லை. பணம் போனதைவிட, "இதெல்லாம் உனக்கு எதற்கு?" என்று வீட்டில் கேட்டு நோட்டை மூடச் சொல்லிவிடுவதுதான் பெரிய நஷ்டம்.

ஆகவே முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பணம் இதழிலிருந்து எழுதியவருக்கு வர வேண்டும், எழுதியவரிடமிருந்து போகக் கூடாது. பெரிய வார இதழ்கள் சன்மானம் தரும். சிற்றிதழ்கள் பலவற்றால் அது முடியாது, இதழ்ப் பிரதி மட்டும் அனுப்புவார்கள். அதில் குறையில்லை. வெளியிடுவதற்கே காசு கேட்டால் விலகிவிடுங்கள். நீங்களே அச்சகத்துக்குப் பணம் கட்டிப் புத்தகம் போட்டு, பிரதிகளை நீங்களே விற்பது வேறு கணக்கு. அது வியாபாரம். அதன் லாப நட்டம் உங்கள் கையில் இருக்கிறது.

எழுத்தை நம்பி அடுப்பு எரியுமா என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். பெரும்பாலும் எரியாது என்பதே எங்கள் பதிலும். மர்ஹூம் தோப்பில் முஹம்மது மீரான் அவர்கள் திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர். தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து, பள்ளியில் மலையாளம் வழியாகப் படித்தவர். தமிழ் இலக்கணம் கற்றுத் தேர்ந்த பிறகு எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. தம் கடலோர ஊரின் பேச்சிலேயே எழுதினார். அவருடைய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' முதலில் தொடராக வந்தது 'முஸ்லிம் முரசு' இதழில். பெரிய பத்திரிகை அல்ல, நம் சமுதாய இதழ். 1988-இல் புத்தகமானது. 1997-இல் 'சாய்வு நாற்காலி' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கடை நடந்தது, எழுத்தும் நடந்தது. எங்களிடம் கேட்டால் அந்த வரிசையைத்தான் சொல்வோம்: கையில் ஒரு தொழில், முதலில் சிறிய இதழ், பிறகு புத்தகம்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. 1938-இல் அவருடைய 'காதலா? கடமையா?' நாவல் வந்தபோது உ.வே.சாமிநாதையர் அதற்கு முன்னுரை எழுதினார். அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து, துவரங்குறிச்சியில் வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு பெண், வீட்டுக்குத் தெரியாமல், சல்மா என்று வேறு பெயர் வைத்துக்கொண்டு எழுத வேண்டியிருந்தது. இன்று அவர் மாநிலங்களவை உறுப்பினர். அவர் எழுதியதையெல்லாம் எல்லோரும் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் முன்னவருக்குக் கிடைத்தது பின்னவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று நாம் யோசிக்கலாம். மகள் எழுதுகிறாள் என்றால் வாங்கிப் படித்துப் பாருங்கள். புனைபெயர் வைக்க விரும்பினால் வைத்துக்கொள்ளட்டும், அது எந்த இதழிலும் வழக்கம்தான். உண்மைப் பெயரையும் முகவரியையும் ஆசிரியருக்கு மட்டும் தெரிவித்தால் போதும்.

எதை எழுதுவது? நகரத்துக் காபி ஷாப்பில் இருவர் சந்தித்தார்கள் என்று நம் பிள்ளைகள் ஏன் தொடங்குகிறார்களோ தெரியவில்லை! காப்பி எங்கே விளைகிறது என்று தெரிந்தவர்கள் நாம். பனிமூட்டத்தில் மிளகுக் கொடிக்கு ஏணி சாத்துவது, வத்தலக்குண்டுச் சந்தைக்கு வாழைத்தார் இறங்குவது, முடிக்கொத்து நோய் வந்து மலைவாழைத் தோட்டங்கள் அழிந்ததை நேரில் கண்ட பெரியவர்களின் பேச்சு, நோன்புக் கஞ்சிக்கு விறகு சேர்ப்பது என்று இங்கே எழுத நிறைய இருக்கிறது. இதே திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்கு அருகிலுள்ள கீரனூர்க்காரர்தான் எழுத்தாளர் கீரனூர் ஜாகிர்ராஜா. தம் ஊரின் பெயரையே பெயரோடு சேர்த்துக்கொண்டு 'மீன்காரத் தெரு', 'கருத்த லெப்பை' என்று நாவல்கள் எழுதினார். பண்ணைக்காட்டை வைத்து நாவல் எழுத யாராவது வர வேண்டும்.

அனுப்ப இடங்கள் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கு, பள்ளிக்கல்வித் துறை நடத்தும் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்கள். அரசுப் பள்ளியில் படிப்பவர்கள் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். அறிவியலில் ஆர்வம் உள்ளவர்களுக்குத் 'துளிர்'. கல்லூரி மாணவர்களுக்கு விகடனின் மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டம் நல்ல வாசல். சிறுகதைக்கு ஆனந்த விகடன், தினமணி கதிர், அமுதசுரபி, கணையாழி, காலச்சுவடு, உயிர்மை, செம்மலர், நம் சமுதாயத்தில் 'சமரசம்' எனப் பல உண்டு. ஒவ்வொன்றின் ருசியும் வேறு. எந்த இதழுக்கு அனுப்புகிறீர்களோ அதன் மூன்று இதழ்களையாவது நூலகத்தில் படித்துவிட்டு அனுப்புங்கள். இதைச் செய்யாததாலேயே பல நல்ல கதைகள் திரும்பி வருகின்றன.

நம் மலைக்கென்றே ஒரு வாய்ப்பும் உண்டு. கோடைக்கானல் வானொலியின் பண்பலை 100.5-ஐ நாம் பாட்டுக்காக மட்டும் கேட்கிறோம். அகில இந்திய வானொலி நிலையங்கள் உரை, சிறுகதை, நாடகம் ஆகியவற்றை வெளியாரிடமிருந்தும் பெற்று, ஒப்பந்தப் படிவம் தந்து, சன்மானம் வழங்குவது நெடுநாள் வழக்கம். நிலைய முகவரிக்கு எழுதி, இப்போது என்ன வகைப் படைப்பு தேவை என்று கேட்கலாம்.

அனுப்பும் முறையில் கவனம் வேண்டும். செல்பேசியிலேயே தமிழில் தட்டச்சு செய்யலாம். யூனிகோடு எழுத்துருவில் இருக்கட்டும். கையெழுத்துத் தாளைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். முடிவில் பெயர், முகவரி, செல்பேசி எண், "இது என் சொந்தப் படைப்பு, வேறெங்கும் வெளியாகவில்லை, வேறு இதழின் பரிசீலனையிலும் இல்லை" என்ற உறுதிமொழி ஆகியவை வேண்டும். முகநூலிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போட்டுவிட்ட கதையைப் பல இதழ்கள் வெளியானதாகவே கருதும். ஆசைப்பட்டு முதலில் அங்கே போட்டுவிடாதீர்கள். அனுப்பிய தேதியை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று மாதம் பதில் இல்லையென்றால், அந்த இதழுக்கு ஒரு வரி தெரிவித்துவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்பலாம்.

இனி உரிமை. வீட்டுப் பத்திரத்தை நான்கு பேரிடம் காட்டிப் படிக்கும் நாம், எழுத்துக்கான ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய கணத்திலேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. அந்த உரிமை அவர் வாழ்நாள் முழுவதும், அவருக்குப் பின் 60 ஆண்டுகள் வாரிசுகளுக்கும் இருக்கும். அதாவது இதுவும் ஒரு சொத்து. உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உரிமை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய, அது காலாவதியாகும். போட்டி அறிவிப்புகளில் "படைப்பின் முழு உரிமையும் நிறுவனத்துக்கே" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய பரிசுக்காகத் திரைப்படம், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகளையெல்லாம் கொடுத்துவிட வேண்டியதில்லை.

கதைகள் பத்துப் பதினைந்து சேர்ந்தால் புத்தகம். சொந்தமாக வெளியிடுவோர் ஐஎஸ்பிஎன் எண்ணுக்காக யாருக்கும் ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகவே தருகிறது. தமிழ் வளர்ச்சித் துறை நூல் வெளியிட நிதியுதவியும், சிறந்த நூல்களுக்குப் பரிசும் வழங்குகிறது. விண்ணப்ப அறிவிப்பு நாளிதழ்களில் வரும். 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் இருக்கிறது. 2011 முதல் வழங்கப்படும் இதன் பரிசுத்தொகை 50,000 ரூபாய்.

சன்மானம் பெரும்பாலும் வங்கிக் கணக்குக்கே வரும். எழுதுபவர் பெயரிலேயே கணக்கும் பான் அட்டையும் இருக்கட்டும். மகள் எழுதியதற்கு வரும் ஐந்நூறு ரூபாயை அத்தாவின் கணக்குக்கோ அண்ணனின் கணக்குக்கோ வரவழைக்காதீர்கள்.