தேர்வை எடுப்பதா, எழுதுவதா?

“நான் இவ்வாண்டு எஸ்.பி.எம். தேர்வு எடுக்கிறேன்.” படிவம் ஐந்து மாணவர்கள் பலருடைய பேச்சில் இத்தொடர் இயல்பாக வருகிறது. ஆங்கிலத்தில் தேர்வு என்னும் சொல்லோடு ‘டேக்’ என்னும் வினை சேர்ந்து வரும். அதன் நேர்ப்பொருளாகிய ‘எடு’ தமிழிலும் நுழைந்துவிட்டது. தமிழில் நாம் தேர்வை எழுதுகிறோம். மலாய்மொழியிலோ ‘டூடோக்’, அதாவது ‘உட்கார்’ என்னும் சொல்லிலிருந்து பிறந்த வினை தேர்வோடு சேரும். செயல் ஒன்றே, துணையாக வரும் வினைதான் மொழிக்கு மொழி வேறுபடுகிறது. இவ்வாறு வழக்கத்தால் இணைந்து வரும் சொற்களைச் சொற்சேர்க்கை எனலாம்.

நெகிரி செம்பிலான் தோட்டப்புற மக்கள் இவ்வுண்மையைத் தங்கள் வேலையிலேயே கண்டனர். ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் தொழிலை ஆங்கிலத்தில் ‘டேப்பிங்’ என்பர். ‘டேப்’ என்பதற்குத் ‘தட்டு’ என்ற பொருளும் உண்டு. ஆயினும், விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு வாளியோடு புறப்பட்டவர்கள் மரம் தட்டப் போகவில்லை. மரம் வெட்டப் போனார்கள். இங்கே வெட்டுதல் என்பது மரத்தைச் சாய்ப்பதன்று; பட்டையை மெல்லியதாகச் சீவுவதாகும். தொழிலை அறிந்தவர்கள் அதற்கேற்ற சொல்லையும் அறிந்திருந்தனர்.

கல்வியைப் பற்றி எழுதும்போதும் இத்தெளிவு வேண்டும். தமிழில் ‘தவறு செய்தேன்’ என்கிறோம். அதே நினைவில் ஆங்கிலக் கட்டுரையில் தவறு என்னும் சொல்லோடு ‘டூ’ என்னும் வினையைச் சேர்த்தால் அது பிழையாகும். அங்கு ‘மேக்’ வர வேண்டும். வீட்டுப்பாடத்திற்கே ‘டூ’ பொருந்தும். சில வேளைகளில் இரு மொழிகளும் ஒத்துப்போவதும் உண்டு. ஆங்கிலத்தில் கட்டணத்திற்கும் கவனத்திற்கும் ‘பே’ என்னும் ஒரே வினை வருவதுபோல, தமிழிலும் கட்டணம் செலுத்துகிறோம், கவனமும் செலுத்துகிறோம். எனினும், எல்லா இடங்களிலும் இந்த ஒற்றுமையை எதிர்பார்க்க இயலாது.

ஒரே வகுப்பின் மூன்று பெயர்களை நோக்குவோம். தமிழ்ப்பள்ளியை முடித்து, மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாத மாணவர்கள், படிவம் ஒன்றுக்கு முன் ஓராண்டு தனி வகுப்பில் பயில்வர். ஆங்கிலத்தில் அது ‘ரிமூவ்’ வகுப்பு. பிரிட்டிஷ் பள்ளிகளிலிருந்து வந்த அப்பெயர், அகற்றப்பட்டதைப் போன்ற எண்ணத்தைக் கேட்பவருக்குத் தரலாம். மலாய்மொழியில் ‘பெரலிஹான்’, அதாவது மாற்றம். தமிழிலோ அது புகுமுக வகுப்பு. அகற்றப்படுதல், மாறுதல், உள்ளே நுழைதல் என ஒரே அறைக்கு மூன்று வாசல்கள்!

சொல் மாறினால் பொறுப்பும் இடம் மாறுவதுண்டு. கூட்டு மலாய் மாநிலங்களுள் ஒன்றாக நெகிரி செம்பிலான் விளங்கிய காலத்தில், 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி அமைக்க வழிசெய்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி ஏற்படுத்த வேண்டும் என்பது அதன் விதி. ஆனால், தோட்டப் பள்ளியில் தொடக்கக்கல்வி மட்டுமே கிடைத்தது. இடைநிலைக்கல்விக்குப் பட்டணம் செல்ல வேண்டும். பேருந்துக் கட்டணம் இல்லாமலும், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமலும் பலரது படிப்பு முடிந்தது.

அவர்களை ஆங்கிலத்தில் குறிப்பிட ‘டிராப் அவுட்’ என்னும் தொடர் உண்டு. பிள்ளையே விலகிப் போனதுபோல் அது ஒலிக்கிறது. தோட்டத்துப் பாட்டிமார்களோ, “என் படிப்ப நிறுத்திட்டாங்க” என்பார்கள். அவர்கள் தாமாக விலகவில்லை. வறுமையும் சூழலும் அவர்களை நிறுத்தின. அவர்களது வாழ்க்கையை எழுதும் மாணவர் ‘படிப்பை விட்டார்’ என்று எழுதினால், இலக்கணம் பிழைபடாது, உண்மை பிழைபடும்.

அதே பாட்டிமார்கள் பெருமையோடு கூறும் மற்றொரு சொற்சேர்க்கையும் உண்டு: “மரம் வெட்டிப் பிள்ளைங்களப் படிக்க வச்சேன்.” படிப்பவர் ஒருவர், படிக்க வைப்பவர் மற்றொருவர் என்பதை ‘படிக்க வை’ என்னும் இரு சொற்களே உணர்த்திவிடுகின்றன. ஆங்கிலத்தில் இதற்குப் ‘புட் த்ரூ’ என்னும் வேறு இணை உண்டு. சொல்லுக்குச் சொல் மாற்றினால் அது கிடைக்காது.

ஆகவே, புதிய சொல்லொன்றைக் கற்கும் மாணவர், அதனைத் தனியாகக் குறித்துக்கொள்வது போதாது. அதனோடு இணைந்து வரும் வினையையும் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும். அவ்வினையைத் தேடும்போது அகராதியைப் புரட்டுவதோடு, வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியின் பேச்சுக்கும் செவிசாய்க்கலாம்.